சத்தம் போட்டுச் சொல்ல முடியாத பேச்சு

வயசு ஐம்பத்தைந்தைத் தாண்டின வீடுகளில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு குறைந்துபோவதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள், ரிட்டயர் ஆகிவிட்டார், எந்நேரமும் டிவி, எந்நேரமும் செல்போன், பேச இனி என்ன இருக்கிறது என்று. எல்லாம் இருக்கலாம். ஆனால் அந்த வரிசையில் காதை யாரும் சேர்ப்பதில்லையே என்பதுதான் என் ஆதங்கம். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். அக்கா வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது, அங்கே இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில், நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மிஷின் பார்த்தவர். மீசை முளைக்கிற வயசில் உள்ளே போனவர், ரிட்டயர் ஆகும்வரை அதே ஸ்பின்னிங்தான். அந்த ஹாலுக்குள் ஒருதரம் போய் நின்றவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிற ஆள்கூட காதோரம் வந்து கத்தினால்தான் கேட்கும். அதனால் மில்காரர்கள் வாயசைவிலும் கைஜாடையிலுமே முழுப் பேச்சும் பேசிவிடுவார்கள். 85 டெசிபலுக்கு மேல் சத்தத்தில் தினம் 8 மணி நேரம் வருஷக்கணக்கில் நின்றால் காது கெடும் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட கணக்கு. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், சத்தத்தால் வரும் காது கேளாமையும் ஒரு தொழில் நோயாகவே இருந்தது. சட்டம் அப்படி இருக்க, இவர்கள் கையில் கிடைத்த பஞ்சை உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு சிப்டு முடித்து வந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறாது.

மில் சத்தமும் வயசும் சேர்ந்து செய்கிற வேலை எப்படிப்பட்டது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். இரண்டிலுமே முதலில் போவது கீச்சுச் சத்தங்கள். உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கிற இடத்தில் நுண்ணிய மயிர் செல்கள் இருக்கின்றன. உயர்ந்த ஸ்வரங்களைப் பிடிக்கிறவைதான் முதலில் சாகின்றன, செத்தது மறுபடி முளைக்காது. பேச்சில் ஆ, ஓ, ஊ மாதிரி உயிர் ஒலிகள் தாழ்ந்த ஸ்வரத்தில் இருப்பவை, அவை கேட்டுவிடும். க, ச, த, ப என்று சொல்லைப் பிரித்துக் காட்டுகிற ஒலிகள் நழுவிவிடும். கட்டு, தட்டு, பட்டு மூன்றும் ஒரே மாதிரி ‘அட்டு’ என்று போய் விழும். அதனால்தான் அவர்கள் "கேக்குது, புரியல" என்கிறார்கள். அது சாக்கு இல்லை, உள்ளபடியே அப்படித்தான்.

அப்புறம் இன்னொன்று. பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் ஆண் குரலைவிட உயர்ந்தவை. ஆகவே டீக்கடையில் சிநேகிதரோடு நன்றாகப் பேசிச் சிரித்துவிட்டு வருகிற மனுஷனுக்கு, வீட்டுக்குள் பெண்டாட்டி சொல்வதும் பேத்தி சொல்வதும் பிடிபடாது. "ஊரார் பேசினால் கேக்குது, நான் பேசினா மட்டும் கேக்காதா?" எத்தனை வீட்டில் இந்தச் சண்டை! எங்கள் வீட்டிலும் அது வருஷக்கணக்கில் ஓடியது. பிற்பாடு காது பரிசோதனை செய்த பெண், எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்ட வரைபடத்தைக் காட்டி, வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி, இரண்டு கோடும் இடப்பக்கம் மேலே ஓடி, கீச்சுச் சத்தங்கள் இருக்கிற வலப்பக்கம் சரிந்து விழுவதைத் தொட்டுத்தொட்டு, "உங்க குரல் இருக்கிறது இந்தப் பள்ளத்துலம்மா" என்றார். அத்தனை வருஷத்து மனத்தாங்கலுக்கு அந்த ஒரு தாளில் பதில் இருந்தது.

காது மந்தமான வீட்டில் அவசியமான பேச்சு எதுவும் நின்றுபோகாது, இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சாப்பிட வாங்க, மாத்திரை போட்டாச்சா, கேஸ் வந்திருக்கு, தண்ணி விட்டிருக்கான் என்பதையெல்லாம் கத்தியாவது சொல்லிவிடுவோம். நின்றுபோவது கத்திச் சொல்ல அவசியமில்லாத பேச்சு. கொல்லை முருங்கை பூ விட்டிருக்கிறது, எதிர்வீட்டுப் பெண் முகம் இன்றைக்கு வாடியிருந்தது, ரேஷன் கடையில் பழைய சிநேகிதியைப் பார்த்தேன். முதல்தரம் சொல்வோம், "என்ன?" என்பார். இரண்டாம்தரம் சொல்வோம். மூன்றாம்தரம் "ஒண்ணுமில்லைங்க" என்று விட்டுவிடுவோம். அந்த "ஒண்ணுமில்லை" ஒவ்வொன்றாகச் சேர்ந்து சேர்ந்து ஒரு வீட்டையே ஊமையாக்கிவிடும். அதைவிடக் கஷ்டம், கத்தவே முடியாத பேச்சு. மகன் குடும்பத்தில் ஒரு சங்கடம், தங்கச்சிக்குக் கொடுத்த பணம், உடம்பில் ஒரு தொந்தரவு. சுவருக்குச் சுவர் ஒட்டின வரிசை வீட்டில் இதையெல்லாம் உரக்கச் சொல்ல முடியுமா? மனசிலேயே வைத்துக்கொண்டு படுக்க வேண்டியதுதான்.

பிள்ளைகளுக்கும் இதில் நஷ்டம் இருக்கிறது. போன் வந்தால், "இந்தா அம்மிணி, நீயே பேசு" என்று என் கையில் கொடுத்துவிடுவார். மகன் என்னிடமே எல்லாம் பேசி முடித்து, "அப்பாவைக் கேட்டேன்னு சொல்லுங்க" என்று வைத்துவிடுவான். அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் எந்த மனஸ்தாபமும் இல்லாமலே பேச்சு அற்றுப்போனது. கல்யாண வீடுகளில் இன்னும் மோசம். மேளம், மைக்கு, நூறு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சல், இவர் ஓரமாக நாற்காலி போட்டு எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருப்பார். "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் மண்டகனம் வந்திருச்சு" என்று இவரைச் சொந்தத்திலேயே பேசினார்கள்.

பரிசோதனைக்கே அவர் லேசில் சம்மதிக்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கப்படாத மனுஷர்கள் காது மிஷின் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். செவிடு என்று சொல்லிவிடுவார்களோ என்கிற பயம். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேலியாகவே பயன்படுத்திப் பழகியிருக்கிறோம், அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. கடைசியில் பேத்திதான் ஜெயித்தாள். ரகசியம் சொல்கிறேன் என்று காதில் வந்து கிசுகிசுத்தாள், அவர் புரியாமல் விழித்தார். "தாத்தாவுக்கு ஒண்ணும் சொல்ல முடியாது" என்று அவள் இறங்கிப் போய்விட்டாள். அந்த வாரமே கிளம்பினார்.

போகிறவர்கள் முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள், நேரே மிஷின் கடைக்குப் போகாதீர்கள். சிலருக்கு வெறும் அழுக்கு அடைப்பாக இருக்கும், எடுத்தாலே சரியாகிவிடும். ஒரு காது திடீரென்று ஒரே நாளில் அடைத்துப்போனால் அது அவசரம், அன்றைக்கே போக வேண்டும், சில நாள் தாமதித்தால்கூட மருந்து பலிக்காமல் போகலாம். மிஷின் விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்துக்கு மேலும் போகிறது. விலை அதிகமானால் பலனும் அதிகம் என்று நினைக்க வேண்டாம், போட்டுப் பார்க்கச் சில நாள் கொடுக்கிறார்களா, பிறகு எத்தனை தரம் வந்தாலும் அளவு மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ-யில் குறைந்தது 5 வருஷம் இருந்து வயசு முடிந்து ரிட்டயர் ஆனவர்கள், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் வைத்தியம் தொடரும். மில்காரர்கள் பலருக்கு இது தெரியவே இல்லை.

முதல் சில வாரம் பொறுமை வேண்டும். மிஷின் போட்ட அன்று, பேப்பர் புரட்டுகிற சத்தமே தாங்க முடியவில்லை என்றார். நான் பாத்திரம் வைத்தால் திடுக்கிட்டார். மூளைக்கு அந்தச் சத்தமெல்லாம் மறந்தே போயிருக்கும், பழகக் காலம் பிடிக்கும், முதலில் வீட்டு அமைதியில் ஒன்றிரண்டு மணி நேரம் போடட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெரும்பாலான வீடுகளில் மிஷின் அலமாரிக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான். இவர் விடவில்லை. ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டின 13-ஆம் நம்பர் பேட்டரி, ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிஷம் காற்றுப்பட வைத்துவிட்டுத்தான் உள்ளே போட வேண்டும், அதை மில்லில் நூல் முடி போட்ட அதே நிதானத்தோடு செய்வார்.

மறதி நோய்க்கும் காதுக்கும் தொடர்பு இருக்கிறது என்று படித்திருப்பீர்கள். லான்செட் என்கிற மருத்துவப் பத்திரிகையின் குழு 2024-இல் சொன்ன, நாம் சரிசெய்யக்கூடிய 14 காரணங்களில் காது கேளாமையும் ஒன்று. ஆனால் 2023-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், 70 வயசைத் தாண்டினவர்களுக்கு மிஷின் கொடுத்து 3 வருஷம் பார்த்ததில், எல்லோரையும் சேர்த்து வித்தியாசம் தெரியவில்லை, ஏற்கெனவே ஆபத்து அதிகமாயிருந்தவர்களுக்குத்தான் மறதி வேகம் 48 சதவீதம் குறைந்தது. அதனால் மறதியைச் சொல்லி யாரையும் பயமுறுத்தி மிஷின் மாட்ட வேண்டியதில்லை. பேசுவதற்காக மாட்டுங்கள், அதுவே போதுமான காரணம்.

மிஷின் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடாது. கத்தினால் ஒலி சிதையும், ஆகவே கொஞ்சம் நிதானமாக, முகம் தெரிய எதிரில் நின்று பேச வேண்டும், அடுப்படியிலிருந்து கூப்பிடக் கூடாது, மிக்சி ஓடும்போது பேசக் கூடாது. ராத்திரி மிஷினைக் கழற்றிவிடுவார், விளக்கும் அணைந்துவிடும், வாயசைவும் தெரியாது. படுத்துக்கொண்டு பேசுகிற பேச்சு எங்களுக்கு இனி இல்லை. அதுதான் எனக்கு ரொம்பவும் வலித்தது, ஏனென்றால் கல்யாணமான நாளிலிருந்து எங்கள் பேச்செல்லாம் அந்த நேரத்தில்தான். ஆகவே அதை அப்படியே சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டோம். டீ குடித்ததும் டிவியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, எதிரும் புதிருமாக உட்கார்ந்துவிடுவோம், தங்கச்சி பணத்துப் பிரச்சினைகூட அங்கேதான் ஒரு வழிக்கு வந்தது. "ஏனுங்க, புரியுதா?" என்று நான் கேட்பதில்லை, புரியாவிட்டால் அவரே கையைத் தூக்குவார், மில் ஜாடை. மகனும் இப்போது வெறும் போன் செய்வதில்லை, வீடியோவில் வருகிறான், அதுவும் அப்பாவின் நம்பருக்கே.

எனக்கும் இப்போது சின்னச் சின்னச் சத்தங்கள் விட்டுப்போகின்றன. கல்யாணத்துக்கு முன் நானும் மில்லில் நூல் சுற்றுகிற வைண்டிங்கில் நின்றவள்தானே. வருகிற வியாழக்கிழமை அவருக்கு அளவு பார்க்கப் போகும்போது என் காதையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். அக்காவையும் அத்தானையும் கூடவே வரச் சொல்லியிருக்கிறேன், அத்தான் இன்னும் பிடிகொடுக்கவில்லை, இவர் பேசிக்கொண்டிருக்கிறார்.