கணக்கில் ஒரு வரிக்கு ஒரு வேலை

பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: சூத்திரம் தெரியும், முறையும் தெரியும், ஆனால் ஒரே வரியில் மூன்று வேலையை முடிக்கப் போய் நடுவில் ஒரு குறியைத் தொலைத்துவிடுவார்கள். 5 − 2(அ − 3) = 3 என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குறியைப் பிரிப்பது, கூட்டுவது, பக்கம் மாற்றுவது எல்லாவற்றையும் மனதிலேயே செய்தால், −2ஐ −3ஆல் பெருக்கும்போது +6 வர வேண்டிய இடத்தில் −6 வந்து, விடை −2 ஆகிவிடும். முதல் வரியில் 5 − 2அ + 6 = 3 என்று பிரித்து மட்டும் எழுதுங்கள், அடுத்த வரியில் 11 − 2அ = 3, அப்புறம் அ = 4. ஒரு வரி கூடுதலாக எழுத ஆகும் நேரம் ஒன்றும் பெரிதில்லை.

வாக்கியக் கணக்குதான் பலருக்குப் பயம். ஒரு ரயில் 240 கிலோமீட்டரை ஒரே சீரான வேகத்தில் கடக்கிறது, வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் கூடியிருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போயிருக்கும், அப்படியென்றால் அதன் வேகம் என்ன? வேகத்தை வ என்று வைத்துக்கொள்வோம். உடனே சமன்பாட்டுக்குப் பாயாமல், பழைய நேரம் 240/வ, புதிய நேரம் 240/(வ + 20) என்று தனித்தனியாக எழுதி, இரண்டில் எது பெரியது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். மெதுவாகப் போனால்தானே நேரம் அதிகமாகும், அதனால் 240/வ − 240/(வ + 20) = 1. இருபுறமும் வ(வ + 20)ஆல் பெருக்கினால் 4800 = வ² + 20வ, அதாவது வ² + 20வ − 4800 = 0. பெருக்கினால் −4800, கூட்டினால் 20 வரும் எண்கள் 80, −60. ஆகவே (வ + 80)(வ − 60) = 0. வேகம் −80 ஆக முடியாது, விடை 60. ஏன் −80ஐ விட்டோம் என்ற காரணத்தையும் தாளில் எழுதுங்கள், திருத்துபவர் அதைத் தேடுவார். சரிபார்ப்பதும் எளிது: 240/60 என்றால் 4 மணி, 240/80 என்றால் 3 மணி, வித்தியாசம் 1.

கழித்தலை மாற்றிப் போட்டிருந்தால் வ² + 20வ + 4800 = 0 என்று வந்திருக்கும். அதன் தன்மைக்காட்டி, அதாவது இருபடிச் சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் வரும் எண், 400 − 19200. அது குறை எண், ஆகவே மெய் மூலமே (மெய்யெண்ணாக வரும் விடையே) கிடையாது. அப்படி வந்தால் சூத்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், சமன்பாடு அமைத்த வரிக்குத் திரும்பிப் போங்கள், கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

(அ + 3)² என்பது அ² + 9 தானா என்று சந்தேகம் வந்தால் அ = 1 என்று போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் 16, இன்னொரு பக்கம் 10, ஆக நடுவில் இருந்த 6அ காணாமல் போயிருக்கிறது. இப்படிச் சின்ன எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் இயற்கணிதம் முழுக்கக் கைகொடுக்கும். ஆனால் 0 போடாதீர்கள், இந்தக் கணக்கில் 0 போட்டால் இரண்டு பக்கமும் 9 வந்து தவறை மறைத்துவிடும்.

அ² = 5அ என்றால் இருபுறமும் அஆல் வகுத்து 5 என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். பூச்சியமும் தீர்வுதான், அ(அ − 5) = 0 என்று காரணிப்படுத்தினால் இரண்டும் தப்பாமல் கிடைக்கும். வர்க்கமூலக் கணக்கில் நேர் எதிராக நடக்கும், இல்லாத தீர்வு உள்ளே நுழையும். √(அ + 6) = அ என்பதை வர்க்கப்படுத்தினால் அ² − அ − 6 = 0, மூலங்கள் 3, −2. முதல் சமன்பாட்டிலேயே இரண்டையும் போட்டுப் பாருங்கள்: 3 பொருந்துகிறது, −2க்கு இடப்பக்கம் √4, அதாவது 2 வருகிறது, வலப்பக்கம் −2, பொருந்தவில்லை. வர்க்கப்படுத்திய பிறகு வந்த சமன்பாட்டில் போட்டால் இரண்டுமே பொருந்தும், அதனால் கேள்வியில் கொடுத்திருந்த வரியில்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.