எந்த ஐயா?

“அங்க என்ன நிலவரமோ.”

அவர் சொன்னது இவ்வளவுதான். என் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, மேசையில் இருந்த ஃபைலைப் பார்த்துச் சொன்னார். போன் போடு என்று சொல்லவில்லை, விசாரி என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். அந்தப் பேனா மூடிய சத்தத்தைத்தான் நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.

அன்று விநாயகர் சிலை கரைப்பு. மணி ஏழு தாண்டியிருந்தது. எங்கள் பிரிவுக்கும் ஊர்வலத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எங்களுக்கு ஸ்டேஷனே கிடையாது. போலீஸ் டிபார்ட்மென்டில் இருந்தவர்களுக்கு அது எந்த மாதிரிப் போஸ்டிங் என்று விளக்க வேண்டாம். ஐயா ஐ.ஜி.யாகி, தோளில் வாளும் தடியும் ஏறி இரண்டு வருடமாகிவிட்டது, ஆனால் அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஓடுவதற்கு எங்களை விட்டால் ஆளில்லை. சிங்கமும் ஒரு நட்சத்திரமும் போட்டு எஸ்.பி.யாக இருந்தபோது முப்பது நாற்பது ஸ்டேஷன் அவர் மைக்கை எடுத்தால் நிமிர்ந்து உட்காரும். இதை அவரே அடிக்கடி சொல்வார். “என் மாவட்டத்துல” என்றுதான் ஆரம்பிப்பார். அந்த மாவட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருடம், ஆனாலும் ‘என்’ போகவில்லை. 14 மாதத்தில் அங்கிருந்து தூக்கிவிட்டார்கள். களத்தில் இருக்கும் அதிகாரிக்குக் குறைந்தது இரண்டு வருடம் கொடுக்க வேண்டும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. “நமக்கு அப்புறம்தானய்யா சொன்னாங்க” என்று சிரிப்பார். சிரிப்பு வாயோடு நின்றுவிடும்.

அவர் அறையில் ஒரு வயர்லெஸ் செட் இருந்தது. சிட்டி கன்ட்ரோல் ஓடிக்கொண்டே இருக்கும், சத்தம் மிகக் குறைவாக. ஃபைலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார், எங்கோ ஒரு ஜங்ஷனில் வண்டி முட்டிக்கொண்டது என்று வந்தால் பேனா அரை நொடி நிற்கும். அவ்வளவுதான். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன், ஏனென்றால் என் கையும் நின்றது. நானும் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனை விட்டு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அன்று கரைப்பு நடந்தது அவருடைய பழைய மாவட்டத்தில். அங்கே மைக்கில் பேசுவது சென்னைக்குக் கேட்காது, போன்தான். நான் என் இடத்துக்கு வந்து அந்த மாவட்டக் கன்ட்ரோல் ரூமுக்குப் போட்டேன்.

“ஐ.ஜி. ஐயா கேம்ப்ல இருந்து பேசறேன். நிலவரம் என்ன?”

எந்த ஐ.ஜி. என்று அந்த எஸ்.ஐ. கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வடக்கு, மேற்கு, மத்திய, தெற்கு என்று மண்டலத்துக்கு ஒரு ஐ.ஜி. உண்டு, கரைப்பு ராத்திரியில் ‘ஐ.ஜி. ஐயா’ என்றால் மாவட்டத்துக்கு அவர் மட்டும்தான் ஐ.ஜி. இது எனக்குத் தெரியாதா? பத்து வருடம் ஸ்டேஷனில் இருந்தவனுக்கு இது தெரியாதா? பழக்க தோஷத்தில் வாயில் வந்தது என்று ஒரு நாள் தோன்றும். தெரிந்தேதான் விட்டேன் என்று இன்னொரு நாள் தோன்றும். ஒன்று மட்டும் நிச்சயம். அந்தப் பையன் “சார், இதோ சார்” என்று குரலை மாற்றிக்கொண்ட அந்த நொடி எனக்குப் பிடித்திருந்தது. எட்டு மாதமாக அந்த மாதிரிக் குரலை நான் கேட்கவில்லை.

எத்தனை சிலை கரைத்தாயிற்று, எத்தனை பாக்கி, முதல் வண்டி எங்கே, கடைசி வண்டி எங்கே, எல்லாம் மளமளவென்று சொன்னான். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே கொண்டுபோனேன். ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “வளைவு தாண்டிடுச்சா?” என்றார். எந்த வளைவு என்று போலீஸ்காரனுக்குச் சொல்ல வேண்டாம், ஊர்வலம் தாண்டும்வரை தகராறு வருமோ என்று பயப்பட வைக்கும் அப்படி ஒரு வளைவு எல்லா ஊரிலும் இருக்கிறது. “இன்னும் இல்லைங்கய்யா.” அப்போது அவர் அந்தத் தெருவை வரைந்து காட்டினார். சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு, ஒரு முக்கு, இரண்டு சந்து. இந்தச் சந்தில் ஏ.ஆர்., அதாவது ஆயுதப்படை, ஒரு செக்‌ஷன் உள்ளே நிற்க வேண்டும், வெளியே தெரியக் கூடாது, இங்கே மேளம் நிற்க வேண்டும், நின்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. தடையுத்தரவு என்றால் அப்போது இன்னும் 144தான், 163 என்று எண் மாறியது 2024-ல்தான். அந்த 144-ஐ ஒரே ஒரு முறை போடாமலேயே சமாளித்த கதையை முழுதாகச் சொன்னார். நல்ல கதை. நான் நின்றுகொண்டே கேட்டேன், கால் வலிக்கவில்லை. அவரிடம் வேலை பார்த்த இரண்டு வருடத்தில் அவரை எனக்கு மிகவும் பிடித்தது அந்த இருபது நிமிடம்தான். இதைச் சொல்லாவிட்டால் மீதியைச் சொல்வது நியாயமாக இருக்காது.

அப்புறம் இன்னும் இரண்டு முறை போன் போட்டேன். இரண்டாவது முறை அவர் எதுவும் சொல்லவே இல்லை.

மூன்றாவது போனுக்குப் பிறகு நடந்தது இது. கன்ட்ரோல் ரூம் எஸ்.ஐ., மண்டல ஐ.ஜி. ஐயா மூன்று முறை கேட்டுவிட்டார் என்று எஸ்.பி.யிடம் சொல்லியிருக்கிறான். ரோட்டில் நின்றிருந்த எஸ்.பி. பதறிப்போய், நேராக மண்டல ஐ.ஜி.யிடமே பேசிவிட்டார். அவரோ, நான் கேட்கவே இல்லையே என்றிருக்கிறார். மறுநாள் காலை பத்து மணிக்குள் போன் வந்த நம்பர் யாருடையது என்று தெரிந்துவிட்டது.

எஸ்.பி. கோபமாக எழுதவில்லை. எங்கள் ஐயாவுக்கு மிகப் பணிவாக, ‘தங்கள் தகவலுக்காக’ என்று ஒரு கடிதம். ஐயா அதை என்னிடம் நீட்டினார். “ஒண்ணுமில்லப்பா. ஃபைல்ல ஏதாவது இருக்கணும்ல. ஒரு விளக்கம் எழுதிக் குடுத்துடு.”

அவர் கேட்டதால்தான் கேட்டேன் என்று எழுதலாமா? எழுதியிருக்கலாம். ஆனால் அவர் கேட்கவில்லையே! அதுதான் அதில் இருந்த நேர்த்தி. நான் ‘தனிப்பட்ட ஆர்வத்தின் பேரில் விசாரித்தேன்’ என்று வரைவு எழுதிக்கொண்டு போனேன். மனதுக்குள், இதைப் படித்ததும் அவர் கிழித்துப் போட்டுவிடுவார் என்று ஓர் எண்ணம். ‘விடு, நான் எஸ்.பி. கிட்ட பேசிக்கறேன்’ என்பார் என்று. பென்சிலை எடுத்தார். அதே பென்சில். ‘தனிப்பட்ட ஆர்வம்’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘பணி ஆர்வம்’ என்று எழுதினார். “இதுதான் உனக்கு சேஃப்” என்றார்.

உண்மைதான். எனக்கு அது சேஃப்தான். என் சர்வீஸில் அதனால் ஒரு கீறல்கூட விழவில்லை. என்னைக் காப்பாற்றினாரா, தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரா என்று இத்தனை வருடம் கழித்தும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் இன்னும் அறையில் இருக்கும்போதே எஸ்.பி.க்குப் போன் போட்டார். “தம்பி, நேத்து பிரமாதமா பண்ணீங்க. வளைவுல ஏ.ஆர்.ஐ எங்க வச்சிருந்தீங்க?... அதான் கரெக்ட்.” ஐந்து நிமிடம் பாடம் நடந்தது. எதிர்முனையில் அந்த இளைஞர் ‘சார், சார்’ என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், வேறு வழியில்லை, அவர் கடிதம் எழுதியதே இவர் கையில் அந்தப் போனைக் கொடுத்துவிட்டது. கடைசியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “ஆமா, நம்ம இன்ஸ்பெக்டர் கொஞ்சம் ஆர்வக்கோளாறு” என்றார்.

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? இன்றைக்கு இருந்தாலும் சிரித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

பதவி இல்லாத அதிகாரியைப் பற்றிக் கேலியாகப் பேசுவது சுலபம். ஒரு மனுஷனுக்கு 14 மாதம் ஒரு மாவட்டத்தைக் கொடுத்துப் பிடுங்கிக்கொண்டு, அப்புறம் ஃபைலையும் ஏ.சி. அறையையும் கொடுத்தால் அவர் எங்கே போவார் என்று நான் அவருக்காக வாதாடியிருக்கிறேன், சொந்த வீட்டிலேயே. “அப்ப அந்தப் பையனுக்கு யாரு வாதாடுனா?” என்று என் மனைவி ஒரு முறை கேட்டாள். கன்ட்ரோல் ரூம் எஸ்.ஐ.யைத்தான் சொன்னாள். அழைப்பது யார் என்று உறுதி செய்யாமல் தகவல் கொடுத்ததற்கு அவனுக்கு மெமோ. 3(அ), 3(ஆ) என்று துறை நடவடிக்கைக்குப் போகவில்லை, வெறும் மெமோதான். ஆனால் அந்த வாரமே மாவட்டத்தின் கடைசி மூலையில் இருந்த ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு போன் போடவில்லை. அந்தப் போனை மட்டும் போடவில்லை.

ஐயா அந்தப் பிரிவிலிருந்தே ஓய்வு பெற்றார், மண்டலம் கிடைக்கவே இல்லை. வழியனுப்பு விழாவில் வளைவுக் கதையைச் சொன்னார். சென்னையில் இருந்தபடியே அந்த ராத்திரி முழுக்கத் தூங்காமல் கவனித்துக்கொண்டதாக. எல்லோரும் கைதட்டினார்கள். பொய் என்று சொல்ல முடியாது, அவர் தூங்கவில்லை.

போன வருடம் ஒரு கல்யாணத்தில் அந்த எஸ்.ஐ.யைப் பார்த்தேன். இப்போது இன்ஸ்பெக்டர். காது ஓரமெல்லாம் நரைத்துவிட்டது. அவனேதான் வந்து பேசினான், பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மெமோவைப் பற்றி அவனாகவே எடுத்தான், பழைய தமாஷை எடுப்பது போல.

“தப்பு என் மேலதான் சார். எந்த ஐயான்னு அன்னைக்கே நான் கேட்டிருக்கணும்.”

“விடுப்பா” என்றேன். அவன் இலையில் சாம்பார் ஊற்ற ஆள் வந்தது, கையைக் காட்டிப் போதும் என்றான்.