கட்டைவிரல்: 2025 டிசம்பர் குறிப்புகள்

டிசம்பர் 1, திங்கள்

லாரி விபத்தில் அடிபட்ட தம்பியின் கால் கட்டைவிரல் இன்றும் அசையவில்லை. கீழே மடக்குகிறான். மேலே தூக்கத்தான் வரவில்லை. காலையில் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு "தூக்குப்பா, தூக்கு" என்று மூன்று தடவை சொன்னார். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றான். முகம்தான் சிவந்தது, விரல் அப்படியே கிடந்தது. நரம்பில் அடி, வீக்கம் வடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டித்வா புயல் வலுவிழந்த பிறகும் சென்னைக்குப் பக்கத்திலேயே நகராமல் நிற்கிறதாம். கொட்டித் தீர்க்கிறது. இங்கே வானம் மூடிக் கிடக்கிறது. ஜன்னலைச் சாத்தச் சொன்னால் தம்பி வேண்டாம் என்கிறான். நெடுஞ்சாலைச் சத்தம் அவனுக்குக் கேட்க வேண்டுமாம்.

டிசம்பர் 2, செவ்வாய்

புதுசாக விற்கிற எல்லா போனிலும், தொலைந்த போனை முடக்க உதவுகிற சஞ்சார் சாத்தி செயலியைக் கம்பெனியே போட்டுத்தான் தரவேண்டும், 90 நாள் கெடு என்று அரசாங்கம் உத்தரவு. நேற்றிலிருந்து இதே பேச்சு.

போன வாரம்தான் நான் அதைப் பயன்படுத்தினேன். வண்டியிலிருந்து அவனை இறக்கிய இடத்திலேயே போன் போய்விட்டது. போலீஸில் கொடுத்த புகார் நகல், போன் பில், டப்பாவின் மேல் ஒட்டியிருந்த ஐஎம்இஐ என்கிற போனின் அடையாள எண், இந்த மூன்றையும் வைத்து அதை முடக்கினேன். ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்தபடியே வேலை முடிந்தது. அந்த போனில் அவன் பிள்ளையின் படம் முழுக்க இருந்தது, கூகுள் பே இருந்தது. அன்றைக்கு அது எனக்குப் பெரிய உதவி, இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் நானாகத் தேடிப் போனது வேறு. என்னைக் கேட்காமல் உள்ளே வைத்து, எடுக்கவும் முடியாது என்பது வேறு. வீட்டுக்குக் காவல் வேண்டும்தான், அதற்காக காவல்காரரைச் சமையலறையில் படுக்க வைக்க முடியுமா?

டிசம்பர் 3, புதன்

உத்தரவை வாபஸ் வாங்கிவிட்டார்கள். நல்லது.

இன்று தீபம். ஆறு மணிக்கு அம்மா வீட்டு வாசலில் அகல் ஏற்றிவிட்டு போன் பண்ணினாள். 1989ல் வட ஆற்காட்டைப் பிரித்தபிறகும் அம்மாவுக்குத் திருவண்ணாமலை நம்ம ஜில்லாதான். "மலையில் ஏத்திட்டாங்க, அவனைக் கும்பிட்டுக்கச் சொல்லு" என்றாள். சொன்னேன். படுத்தபடியே கையைக் கூப்பினான். போர்வைக்கு வெளியே அந்தக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. பாதம் முன்னால் தொங்குகிறது, அது தரையில் நிற்பது மாதிரி இல்லை.

டாலர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொண்டாட்டம் என்று டிவியில் ஒருவர் சொன்னார். எங்கள் லைனுக்கு வந்து அவர் பார்க்கவேண்டும். ஆகஸ்ட் 27லிருந்து அமெரிக்காவில் நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி. ஷூவின் மேல்பாகம் தைக்கிற எங்கள் பகுதியில் மூன்று மாதமாக ஓவர்டைம் கிடையாது. ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், எங்கே கேட்டாலும் ஆர்டர் இல்லை என்கிற பேச்சுதான். ரூபாய் இறங்கியதால் வருகிற லாபம் அந்த ஐம்பதுக்கு எங்கே காணும்? ஆர்டர் குறைந்தால் கன்டெய்னர் குறையும். கன்டெய்னர் குறைந்தால் டிரிப் குறையும். டிரிப் குறைந்ததால்தான் கிடைத்ததை விடக்கூடாது என்று தம்பி இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் வண்டியை எடுத்தான்.

தையல் மெஷினில் நான் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கும் வாலாஜாவுக்கு இந்தப் பக்கம் அவன் மோதிய மீடியனுக்கும் நடுவே ஒரு நூல் ஓடுகிறது. ராத்திரியெல்லாம் அதையே நினைக்கிறேன்.

டிசம்பர் 4, வியாழன்

தூங்கவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

விமானம் ஓடவில்லை. கூடத்து டிவியில் காலையிலிருந்து அதுதான். ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் இண்டிகோ விமானங்கள் ரத்து. கல்யாணத்துக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தையோடு தரையில் உட்கார்ந்திருப்பவர்கள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பக்கத்து பெட்டுக்காரரின் மனைவி, தீதி, அக்கா, என்றுதான் கூப்பிடுகிறேன், மேற்கு வங்கத்தில் பர்த்வான் பக்கம். அவர் மகன் டெல்லியிலிருந்து அப்பாவின் ஆபரேஷனுக்கு வரவேண்டும். டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டு ரயிலில் கிளம்பிவிட்டானாம். தீதி எனக்கு அதைக் கை விரல்களில் எண்ணிக் காட்டினார். அவருக்குத் தமிழ் வராது. எனக்குத் தெரிந்த இந்தி வேலூர் தோட்டப்பாளையத்து லாட்ஜ் வாசல்களில் காதில் விழுந்தது மட்டும்.

காரணத்தைக் கேட்டபிறகு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. பைலட்டுகளுக்கு ஓய்வு. வாரத்தில் 36 மணி நேரமாக இருந்த தொடர் ஓய்வை 48 ஆக்கினார்கள். ராத்திரியில் ஆறு தடவை தரையிறங்கலாம் என்று இருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். நள்ளிரவிலிருந்து ஆறு மணிவரை ராத்திரி என்று கணக்கு. 2024 ஜனவரியிலேயே எழுதிய விதி. பாதி இந்த ஜூலையில் வந்தது, மீதி நவம்பர் 1ல். இரண்டு வருஷம் முன்னாடியே சொன்ன விஷயத்துக்கு ஆள் எடுத்து வைக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

சாயங்காலம் என்ன செய்தார்கள்? ராத்திரி விதியிலிருந்து அந்தக் கம்பெனிக்கு பிப்ரவரி 10 வரை விலக்கு. கூட்டம் நெரிந்ததும் முதலில் கை வைத்தது தூக்கத்தில்தான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. விமானத்தில் நான் ஏறியதே இல்லை. வேலூர் பக்கத்து அப்துல்லாபுரம் விமான ஓடுபாதையைத் தாண்டி எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். அங்கே பயணிகள் விமானம் இறங்கி நான் பார்த்தது கிடையாது. ஆனால் தூக்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தம்பி சொன்னான், "அக்கா, கண்ணு மூடினது எனக்குத் தெரியவேயில்ல. காவேரிப்பாக்கம் ஏரி பக்கம் வந்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் சத்தம்தான் ஞாபகம் இருக்கு." நடுவே இருந்த அத்தனை கிலோமீட்டரும் அவனுக்கு இல்லை. கை ஸ்டியரிங்கில் இருந்திருக்கிறது, கால் ஆக்ஸிலேட்டரில் இருந்திருக்கிறது, வண்டி ஓடியிருக்கிறது. அவன் அங்கே இல்லை.

மணி மூன்றேகால். ஹார்பரில் லோடு இறக்கிவிட்டு காலி டிரெய்லரோடு திரும்பிக்கொண்டிருந்தான். போகும்போது தூங்க முடியாது, கப்பலுக்கு கட் ஆஃப் நேரம் உண்டு. கேட் வரிசையில் தூங்க முடியாது, பத்தடி பத்தடியாக வண்டியை நகர்த்தவேண்டும். நகர்த்தாவிட்டால் பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான், இல்லையென்றால் முந்திக்கொள்வான். திரும்பும்போதாவது ஓரங்கட்டிப் படுத்திருக்கலாமே என்று கேட்டேன். காலையில் அடுத்த லோடு ஏற்ற வண்டி நிற்கவேண்டும் என்றான். முன்னெல்லாம் கூட ஒரு கிளீனர் இருப்பார், பேச்சுக் கொடுப்பார். இப்போது எந்த வண்டியிலும் கிளீனர் கிடையாது.

டிசம்பர் 6, சனி

டிக்கெட்டுக்கு உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500க்கு மேல் போனால் 18,000. தீதியிடம் சொன்னேன். மகன் ஏற்கெனவே நாக்பூர் தாண்டிவிட்டானாம்.

லாரி டிரைவருக்கு விதியே இல்லையா என்று நேற்று ராத்திரி தேடிப் படித்தேன். இருக்கிறது. 1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டிருக்கிறார்கள். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு. போன மாதம் 21ஆம் தேதி அதையும் புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் சேர்த்துவிட்டார்கள். தம்பிக்குப் படித்துக் காட்டினேன். "எட்டு மணியா?" என்றான். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். பதினெட்டு வயதில் ஸ்டியரிங் பிடித்தவன், இன்றைக்கு முப்பத்தொன்று. இப்படி ஒரு சட்டம் இருக்கிறதென்று அவனிடம் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

நெட்ஃபிளிக்ஸ் வார்னர் பிரதர்ஸை வாங்கப்போகிறதாம். 72 பில்லியன் டாலர். தியேட்டருக்கு இனி நல்ல படம் வருமா என்று கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் இன்றைக்கு இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

இரண்டாவது விரல் துடித்தது. நான் பார்த்தேன். தம்பி இல்லை என்கிறான்.

டிசம்பர் 10, புதன்

இண்டிகோவின் சர்வீஸில் பத்து சதவீதத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டது அரசாங்கம். இதை முதலிலேயே செய்திருக்கலாமே. ஆள் இருக்கிற அளவுக்கு ஓட்டு என்று சொல்ல இத்தனை நாளா?

ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு இன்றிலிருந்து இன்ஸ்டா, டிக்டாக், யூடியூப் கணக்கு கிடையாது. நான் ஆதரிக்கிறேன். என் பெண் அதற்குள் "அம்மா, இங்கேயும் வருமா?" என்று கேட்டுவிட்டாள். வீட்டுக்கு நான் போயே ஆறு நாள் ஆகிறது. சாதத்துக்கு என்ன செய்தாய் என்றேன். பாட்டி முள்ளுக்கத்தரிக்காய் குழம்பு வைத்தாளாம். அந்த வாசனை அப்படியே மூக்கில் வந்து நின்றது.

டிசம்பர் 12, வெள்ளி

ரஜினிக்கு 75. படையப்பா திரும்பவும் தியேட்டருக்கு வந்துவிட்டது. 1999 ஏப்ரலில் முதலில் வந்தபோது தம்பிக்கு ஐந்து வயது. அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தான். அப்பாவும் லாரிதான். அந்த வாரம் ஒரு டிரிப்பை விட்டுவிட்டு எங்களை அழைத்துப் போனார். ஓனரிடம் வயிற்றுவலி என்று சொன்னார். ஊஞ்சல் காட்சிக்கு தியேட்டரே எழுந்து நின்றது.

இன்று வார்டு பையன் போனில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினான். தீதியும் அவர் மகனும்கூட எட்டிப் பார்த்தார்கள். தம்பி சிரித்தான். பதினைந்து நாளில் முதல் சிரிப்பு. 26 வருஷத்துக்கு முந்தைய படத்தை மறுபடி ஓட்டுவது காசு பார்க்கத்தான் என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்கு அது போதும்.

பிசியோதெரபி பெண் ஒரு ரப்பர் பட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். பாதத்தில் மாட்டி நம் பக்கம் இழுக்கவேண்டும். ஒரு வேளைக்கு இருபது, நாளைக்கு நான்கு வேளை. நான் எண்ணுகிறேன்.

டிசம்பர் 13, சனி

எண்பது.

டிசம்பர் 15, திங்கள்

சவரன் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள், நானும்தான். என் கையில் வளையல் இல்லை, போன வாரமே அடகுக்கடைக்குப் போய்விட்டது. அன்றைக்கு வைத்ததை இன்று வைத்திருந்தால் கொஞ்சம் கூடக் கிடைத்திருக்கும். விலை ஏறுவதைக் கேட்டு வாங்கப்போகிறவர்கள் பயப்படுகிறார்கள். மீட்கப்போகிறவளுக்கும் பயம்தான். வட்டி கட்டத் தவறினால் எவ்வளவு போகும் என்று இப்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது.

டிசம்பர் 17, புதன்

வண்டி ஓனர் வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ். மோசமான மனிதர் இல்லை. அவரும் டிரைவராக இருந்து வந்தவர், மூன்று வண்டிக்கு டியூ கட்டுகிறார். அக்டோபரிலிருந்து கம்பெனியில் செய்து வருகிற புது லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயமாம், அடுத்த வண்டி எடுத்தால் ஏசியோடுதான் என்றார். தம்பிக்கு முகம் மலர்ந்தது. மே மாதத்தில் நம்ம ஊர் வெயிலில் இன்ஜின் சூட்டோடு ஓட்டியவனுக்கு அதன் அருமை தெரியும். நானும் சந்தோஷப்பட்டேன். பைலட்டுக்கு விதி வந்ததும், லாரிக்கு ஏசி வந்ததும் ஒரே யோசனையில் பிறந்தவைதான், களைத்தவன் ஓட்டக்கூடாது என்று.

ஆனால் எட்டு மணி நேரம் பற்றி நான்தான் கேட்டேன். சட்டத்தைச் சொன்னேன். கோபப்படாமல், "அம்மா, நான் எட்டு மணி நேரம்னு சொன்னா எனக்கு லோடு தரமாட்டாங்க. அடுத்த வண்டிக்காரன் இருக்கான்" என்றார்.

அவர் போனபிறகு தம்பி என்னோடு பேசவில்லை. நான் கேட்டது தப்பு என்று நினைக்கிறான். நான் மறுபடியும் கேட்பேன்.

டிசம்பர் 18, வியாழன்

பேசிவிட்டான். "எண்ணுக்கா" என்றான். இருபது.

டிசம்பர் 21, ஞாயிறு

ரயில் கட்டணம் 26ஆம் தேதியிலிருந்து ஏறுகிறது. சாதாரண வகுப்பில் 215 கிலோமீட்டருக்கு மேல் போனால் கிலோமீட்டருக்கு ஒரு பைசா. மெயில், எக்ஸ்பிரஸ் என்றால் இரண்டு பைசா. சீசன் டிக்கெட்டில் கைவைக்கவில்லை. காட்பாடியிலிருந்து தினம் சென்னைக்குப் போய்வருகிற என் சித்தப்பா மகன் பிழைத்தான். ஹவுராவுக்கு இங்கிருந்து சுமார் 1,800 கிலோமீட்டர். தீதிக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன், ஆளுக்கு 36 ரூபாய் கூட. அவர் தோளைக் குலுக்கினார். 36 ரூபாய் பெரிதில்லை, படுத்துப் போக இடம் கிடைக்குமா என்பதுதான் அவருக்கு. வெயிட்டிங் லிஸ்ட் 112. தையல் பிரிக்காத வயிற்றோடு கணவர், இரண்டு ராத்திரிப் பயணம்.

தூக்கம் என்ற வார்த்தையை வங்காளியில் கேட்டேன். கூம் என்றார். கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டினார்.

டிசம்பர் 24, புதன்

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பாதத்துக்கு ஒரு பிளாஸ்டிக் அச்சு கொடுப்பார்கள். ஷூவுக்குள் அதை வைத்துக்கொண்டு நடக்கலாம். அளவெடுக்கிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குதிகால் வளைவுக்குச் சூடு காட்டி வளைக்கிறார்கள், ஓரத்தைத் தேய்க்கிறார்கள். எங்கள் தொழில் மாதிரியேதான். உள்ளே ஒரு மடிப்பு தோல் உராயும்படி இருந்தது. அங்கே கொஞ்சம் தேயுங்கள் என்றேன். அந்த அண்ணன் என்னைப் பார்த்தார், "ஷூ கம்பெனியா?" என்றார். தேய்த்துக் கொடுத்தார்.

ராத்திரி பத்தேமுக்கால். தம்பி தூங்குகிறான். போர்வையை விலக்கி விரலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

டிசம்பர் 26, வெள்ளி

தீதிக்கு ஆர்ஏசி கிடைத்தது, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சீட். பாதி ராத்திரி அவர் உட்கார்ந்தே போகவேண்டும். சப்பாத்தியும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக்கொடுத்தேன்.

பில் கவுன்டரில் 43ஆம் நம்பர். இப்போது 19 போகிறது. தம்பி வீல்சேரில். அச்சை மாட்டி விட்டிருக்கிறேன், மடிப்பு உராயவில்லை என்றான். ஓனர் போன் பண்ணினார். ஏப்ரலில் வந்துவிடுவானா என்று கேட்டார். அவனிடம் கொடு என்றார். நான் இன்னும் போனைக் கொடுக்கவில்லை, கையில்தான் வைத்திருக்கிறேன், அவன் என்னையே பார்க்கிறான்