ஆயில் சூடாகும் வேகம்

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டால் இன்ஜின் முழுவதும் சூடேறிவிட்டது என்றே நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். இன்ஜின் ஆயிலின் வெப்பநிலையையும் தனியே காட்டும் காரை வாங்கிய பிறகுதான், காலையில் கூலன்ட் 90 டிகிரி செல்சியஸைத் தொட்டபோதும் ஆயில் 60-ஐத் தாண்டாமல் பின்தங்கி நிற்பதைக் கண்டேன். நெடுஞ்சாலையில் அது 95 முதல் 105 வரை நிலைகொள்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் ஏறியபோது 118 காட்டியது. அந்தச் சூட்டைத் தரமான சிந்தெடிக் ஆயில் தாங்கும் என்பதால் நான் பதறவில்லை. உண்மையில் எனக்குக் கவலை தருவது கடைத்தெருவுக்குப் போய்வரும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டந்தான்: ஆயில் போதிய அளவு சூடாகாததால், எரிதலில் உண்டாகும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வழியின்றி அதிலேயே தங்கிவிடுகின்றன. சென்ற மார்கழியில் ஆயில் மூடியைத் திறந்தபோது, அந்த ஈரம் ஆயிலோடு கலந்து, அதன் அடியில் மோர் நுரைபோல வெளுத்த பசையாக ஒட்டியிருந்தது.