குட்டியார் வீட்டு நாட்கள்

ஜனவரி 6, 2024

அப்பா எங்கள் ஊர் தேவாலயத்தில் மணி அடித்து, எடுபிடி வேலையெல்லாம் பார்த்த கோயில் குட்டியார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாளாகப் பேசாதிருந்தவர் இன்று காலை கண்ணைத் திறந்ததும் கேட்டது: "குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது?" பக்கத்தில் நின்ற டாக்டர், மூச்சு வாங்குகிறதா என்று கேட்டதற்கு பதிலில்லை. டிசம்பர் 17, 18 மழையில் ஊர்ப்பட்ட குளமெல்லாம் உடைந்தது, நம் கரை நின்றது, மறுகால் இன்னும் போகிறது என்றேன். அது போதும் அவருக்கு. தூங்கிவிட்டார்.

ஜனவரி 8

ஆக்சிஜனைக் குறைத்திருக்கிறார்கள். நல்லதற்கா கெட்டதற்கா என்று யாரும் வாய் திறக்கவில்லை.

ஜனவரி 10

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரித்தலை வாத்து வந்துவிட்டதா என்று இன்று மூன்று பேரிடம் விசாரித்தார். அதில் ஒருவர் ஊசி போட வந்த நர்ஸ். பாவம், தன்னைத்தான் ஏதோ சொல்கிறார் என்று விழித்தாள்.

அந்த வாத்துகள் மங்கோலியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருபவை. அவை வரும் மாதங்களில் அப்பாவின் ஜெபமே மாறிவிடும். ஆராதனையில் சொல்லும் லித்தானியா மன்றாட்டில் தரையிலும் தண்ணீரிலும் பயணம் செய்கிறவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் இடம் வந்ததும், சபையார் பதில் சொல்லி முடித்த பிறகும் அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். சின்ன வயதில் என்ன என்று கேட்டேன். "ஆகாய மார்க்கத்தை விட்டுவிட்டார்கள். அதைச் சேர்த்துக்கொள்கிறேன்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

பில் கட்டும் இடத்தில் இன்றும் வாக்குவாதம். எழுதவே அலுப்பாக இருக்கிறது.

ஜனவரி 13

வீட்டுக்கு வந்துவிட்டோம். "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். அத்தை மட்டும் பொங்கலுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கட்டிலை எங்கே போடுவது என்பதில் சண்டை. தூசியும் பறவை எச்சமும் நுரையீரலுக்கு ஆகாது என்று சீட்டிலேயே எழுதித் தந்திருக்கிறார்கள். அப்பாவோ புளியமரத்துப் பக்கத்து ஜன்னலைக் காட்டுகிறார். மரம் முழுக்க சங்குவளை நாரைகள். இப்போதுதான் கூடு கட்டத் தொடங்கியிருக்கின்றன. ஒன்று சுள்ளியைக் கொண்டுவந்து கொடுக்கிறது, மற்றது வாங்கி அடுக்குகிறது, பிடிக்காவிட்டால் கீழே தள்ளுகிறது. எங்கள் ஓட்டுக் கூரையில் பாதி சுள்ளிதான். மீன் கவிச்சி அடுப்படி வரை வருகிறது.

தோஹாவிலிருந்து அண்ணன் வீடியோவில், "அந்தக் கொப்பையாவது வெட்டிவிடு" என்றான். அப்பா போனையே பார்க்கவில்லை. கட்டில் ஜன்னலோரமே கிடக்கிறது.

ஜனவரி 17

விடிய விடிய இருமல். கஞ்சி இறங்கவில்லை.

ஜனவரி 18

காலை 4.40.

ஐந்து மணிக்குக் கோயில் ஸ்பீக்கரில் பதிவுசெய்த மணி ஓடியது, தினமும் ஓடுவதுபோல. போன வருடம் கமிட்டியார் டைமர் வாங்கி வைத்தபோதே கயிற்றைக் கழற்றிவிட்டார்கள். துக்க மணிக்கு அந்தப் பெட்டியில் பொத்தான் இல்லை. ஊரில் யார் இறந்தாலும், ஓர் அடி, நிறுத்தம், மறு அடி என்று மழையிலும் நின்று அடித்தவருக்கு அடிக்க ஆளில்லை. கடைசியில் எதிர்வீட்டுப் பையன் கோபுரத்தில் ஏறி ஒரு கம்பியால் அடித்தான். கணக்குத் தெரியாமல் படபடவென்று அடித்துவிட்டான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஜனவரி 21, ஞாயிறு

ஆராதனை முடிந்து அப்பாவுக்கு ஓர்மைக் கூட்டம். சபைப் போதகர் ஐயரவாள் நன்றாகவே பேசினார். அதன்பின் மேடையேறியவர்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டுதான்: தாழ்மை, தாழ்மை, தாழ்மை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்பளத்தைக் கூட்டிக் கேட்டு அப்பா ஒரே ஒரு முறை விண்ணப்பம் எழுதினார். "உமக்கு எதற்கையா, நீர்தான் எளிமையாக இருக்கிறீரே" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் அவருடைய வேதப்புத்தகத்துக்குள் இன்றும் இருக்கிறது. பெஞ்சு துடைத்து, திருமேசை விரிப்புகளைத் துவைத்து, கல்லறைத் தோட்டத்தில் முள் வெட்டி, குழியும் வெட்டியவர். தாழ்மை என்றால் இவர்களுக்குச் செலவில்லாத ஆள்.

வருடப் பிறப்பு நள்ளிரவு ஆராதனைக்கு வாலிபர் சங்கத்தார் வெடி வாங்கி வந்ததை ஒருவரும் சொல்லவில்லை. தீபாவளிக்கே வெடி போடாத கூந்தன்குளத்துக்காரர்களுக்கு இருக்கிற அறிவு நமக்கு வேண்டாமா என்று அப்பா கேட்டார். கேட்பாரில்லை. பெட்டியைக் கோயில் வாசலில் இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். கமிட்டித் தலைவர் வந்தார், எழவில்லை. ஐயர் வந்தார், எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். விடிந்த பிறகுதான் எழுந்தார். அந்த மனிதரைப் பற்றி யாராவது பேசியிருக்கலாம்.

ஜனவரி 24

கல்லறைக்கு அண்ணன் கருப்பு கிரானைட் என்கிறான். அதில் 'பறவைகளின் நண்பர்' என்று பொறிக்க வேண்டுமாம். நாரை படமும் வேண்டுமாம். எனக்குச் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 3

பறவைக் கணக்கெடுப்புக்கு வருடாவருடம் வரும் கல்லூரிப் பிள்ளைகள் விஷயம் தெரியாமல் வாசலில் வந்து, "தாத்தா இருக்கிறாரா?" என்றார்கள். தேநீர் கொடுத்தேன். கூந்தன்குளத்தை 1994இல் சரணாலயம் ஆக்கியதையும் 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்ததையும் ஒரு பெண் எனக்கே பாடம் எடுத்தாள். எடுக்கட்டும். குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 14

சாம்பல் புதன். கோயிலுக்குப் போகவில்லை. ஐந்து மணிக்கு அந்த டைமர்.

பிப்ரவரி 15

கயிறு என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். யாரோ கிணற்றுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம்.

மார்ச் 20

ராத்திரிக் காற்றில் ஒரு குஞ்சு விழுந்துவிட்டது. நாய்க்கு முன் நான் போய்ச் சேர்ந்தேன். தூக்கியதும் தின்றதையெல்லாம் என் மடியில் கக்கியது: பாதி செரித்த கெண்டை, வால் மட்டும் முழுசாக. பெரிய நாரைகளுக்கு அலகைத் தட்டத்தான் தெரியும், குரல் கிடையாது. குஞ்சுகளோ ஊரைக் கூட்டுகின்றன. அப்பா முதலில் ஒரு சாக்கைப் போர்த்தி இருட்டாக்குவார், கத்தல் அடங்கின பிறகுதான் மீனைக் காட்டுவார். அப்படியே செய்தேன். அரை மணி கழித்து என் விரலோடு சேர்த்துப் பிடுங்கியது. சின்னச் சின்னக் கூறாக நறுக்கித் தரவேண்டும் போலிருக்கிறது.

பறவைக் குஞ்சை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. அப்பா பனையோலைப் பெட்டியில் வைத்து சைக்கிளில் கூந்தன்குளத்துக்குக் கொண்டுபோய் வனத்துறைக்காரர்களிடம் விடுவார். சைக்கிளுக்கு இரண்டு டயரிலும் காற்றில்லை.

மார்ச் 21

பஸ்ஸில் கொண்டுபோக கண்டக்டர் விடமாட்டார் என்கிறாள் அத்தை. எதிர்வீட்டுப் பையன் பைக் தருகிறேன் என்றிருக்கிறான். லீவு நீட்டிப்பு பற்றி ஆபீசில் பேச வேண்டும். அண்ணன் கல்லுக்கு முன்பணம் அனுப்பிவிட்டானாம், நாரை படத்தோடு