நாளைக்குக் கேக்கிறன் சேர்

நெடுந்தீவுக்கு எனக்கு இடமாற்றம் கிடைத்ததைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். "போய் வாறதோ, தங்குறதோ?" தீவகத்தில் வேலை பார்க்கிறவனின் அன்றாடம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நான் போய் வருவது என்று முடிவெடுத்தேன். விடியமுன் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் பண்ணை, வேலணை, புங்குடுதீவு என்று கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதிகளைத் தாண்டிக் குறிகட்டுவான் வரும். அங்கிருந்து ஒரு மணி நேரம் கடல். மாவிலித்துறையில் இறங்கியதும் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டம். போக வர, காத்திருக்க என்று ஒரு நாளில் ஐந்து மணி நேரம் போய்விடும். கணிதம் படிப்பிக்கிற எனக்கு இந்தக் கணக்கு ஆரம்பத்தில் உறைக்கவே இல்லை.

உறைக்க வைத்தது 2022. நாட்டில் டொலர் இல்லை, அதனால் எரிபொருள் இல்லை. நகரத்தில் ஆட்கள் பெற்றோல் வரிசையில் படுத்து எழும்பினார்கள். எங்களிடம் அந்த நெருக்கடி படகு குறைவதாக வந்து சேர்ந்தது. முன்பு ஒன்றைத் தவறவிட்டால் இன்னொன்று வரும் என்ற தைரியம் இருந்தது. பிறகு காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அதுவும் டீசல் கிடைத்த நாளில் மட்டும். மீனவர்களுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காததால் அவசரத்துக்குக் கேட்டு ஏறும் வள்ளங்களும் கரையில் கிடந்தன. அந்த மாதங்களில் சோளகக் காற்றும் சேர்ந்துகொள்ளும். படகின் முன்புறம், அணியப் பக்கம் இருந்தவர் நனையாமல் இறங்கிய நாள் எனக்கு நினைவில்லை.

படகு குறைந்ததும் இறங்குதுறையில் யாரும் எழுதி வைக்காத ஒரு ஒழுங்கு தானாக வந்தது. நோயாளிகளும் கர்ப்பிணிகளும் முதலில். அப்புறம் வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர். அரிசி மூட்டைக்கும் காஸ் சிலிண்டருக்கும் இடம் விட வேண்டும். மூட்டை ஏறாவிட்டால் ஊர்க் கடைகளில் பொருள் இருக்காது. இந்த வரிசையில் உத்தியோகத்தர்களாகிய நாங்கள் எங்கே நிற்பது? சில நாட்களில் முன்னால் போய் நின்றோம். "பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போறவை, விடுங்கோ" என்று வழி விட்டவர்களும் உண்டு. பின்னேரப் படகுக்கு அதே காரணத்தைச் சொல்ல முடியாது, இல்லையா? அப்போதும் முன்னால் நின்றவர்கள் இருந்தார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் அதிபர் நேர அட்டவணையைக் கலைத்துப் போட்டார். ஊரிலேயே இருக்கும் ஆசிரியர்களுக்கு முதல் பாடவேளைகளும் கடைசிப் பாடவேளையும். கடலால் வருகிற எங்களுக்கு நடுவில் உள்ளவை. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அதன் பாரத்தைச் சுமந்தவர்கள் ஊரில் இருந்தவர்கள். படகு வராத நாளில் எங்கள் வகுப்புகளையும் அவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். "இண்டைக்கும் வரேல்லையோ?" என்று ஒரு ஆசிரியை மறுநாள் சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தச் சிரிப்புக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வரவில்லை என்பதுதானே உண்மை.

எனக்கு ஒரு பழக்கம் தொற்றியிருந்தது. கரும்பலகையில் எழுதும்போதே மணிக்கூட்டைப் பார்ப்பேன். என் கண் போகிற பக்கத்தைப் பிள்ளைகள் எப்போதோ கவனித்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாள் பாடம் முடிகிற நேரம் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கொப்பியோடு எழுந்து வந்தது. பாதித் தூரத்தில் என்னைப் பார்த்துவிட்டு நின்றது. "நாளைக்குக் கேக்கிறன் சேர். உங்களுக்குப் படகு வெளிக்கிடப் போகுது."

குறை சொல்லும் குரல் இல்லை அது. மழை வரப்போகிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது. நானும் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

மறுநாள் படகு இல்லை. அதற்கடுத்த நாள் படகு இருந்தது, ஏற இடம் இல்லை. பிறகு நாடு முழுவதும் பாடசாலைகளை மூடினார்கள். ஜூலைக் கடைசியில் திறந்தபோது வாரத்துக்கு மூன்று நாட்கள் மட்டும் என்றார்கள். மூன்று நாளில் ஒரு நாளைக் கடலுக்குக் கொடுத்தால் மிச்சம் என்ன இருக்கும்? அந்தக் கிழமைதான் உடுப்புப் பையோடு போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மா அறை தந்தார். "பாய் இருக்கு, கிணறு இருக்கு தம்பி. குடிக்கிற தண்ணி மட்டும் பாத்துச் செலவழியுங்கோ" என்றார்.

கடைசிப் படகு போன பிறகு இருக்கிற நெடுந்தீவை அன்றுவரை நான் பார்த்ததில்லை. முருகைக்கல் வேலிகளுக்கு நடுவே வெயில் இறங்குவதும், தூரத்தில் குதிரைகள் மேய்வதும் எல்லாம் அழகுதான். சுற்றுலா வருகிறவர்கள் அவற்றைப் படம் எடுத்துப் போகிறார்கள். என்னை நிறுத்தியது வேறு. இறங்குதுறையில் குமுதினி நினைவுத்தூபி இருக்கிறது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் பயணம் செய்தவர்களில் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இத்தனை நாளும் அந்தத் தூபியை ஓட்டமும் நடையுமாகக் கடந்திருக்கிறேன். முதல் தடவையாக அதன் முன்னால் நின்றேன். இந்த ஊர்க்காரர் படகுக்காகக் காத்திருப்பதும் நான் காத்திருப்பதும் ஒன்றல்ல என்று பட்டது. இராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் கடற்படையின் படகு வர வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் சிரமம். அந்த அம்மா இதையெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டே, குரல் மாறாமல் சொன்னார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படகுகள் பழையபடி ஓடத் தொடங்கியதும் நானும் போய் வருகிறவனாகத்தான் மாறினேன். வீட்டில் வயதான அப்பா, சின்னப் பிள்ளை. காரணம் எல்லோருக்கும் இருக்கிறது. தங்கிய நாட்களை வைத்து என்னைத் தியாகி ஆக்கிவிட வேண்டாம்.

தங்கிய முதல் நாள் பின்னேரம், படகு வெளிக்கிட்ட பிறகும் நான் வகுப்பிலேயே இருந்தேன். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, அன்றைக்குக் கேட்க வந்தது என்ன என்று விசாரித்தேன். மறந்திருக்கும் என்று நினைத்தேன். கொப்பியில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்தது. ஒரு இருபடிச் சமன்பாடு. அடைப்பைத் திறக்கும்போது சய (−) அடையாளத்தைச் சகவாக (+) எழுதியிருந்தது, அவ்வளவுதான். காட்டிக் கொடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.