குழிச் சாலைக்கு ஒரு கன்ட்ரோலர்

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே கன்ட்ரோலர் சொல்படி தள்ளும் ஆக்டிவ் சஸ்பென்ஷன் வேலையில் சேர்ந்த புதிதில், அதன் கன்ட்ரோலருக்குச் சரியான எண்களைத் தேட எந்த அல்காரிதம் கெட்டி என்பதில்தான் எங்களுக்குள் வாய்ச்சண்டை. 1995-இல் அறிமுகமான பார்ட்டிகிள் ஸ்வார்ம் ஒரு கட்சி, ஜெனிட்டிக் அல்காரிதம் எதிர்க்கட்சி. ஆனால் பிழையைப் பார்த்துத் திருத்தும் பிஐடி கன்ட்ரோலரின் மூன்று எண்களை எதை வைத்துத் தேடினாலும், எங்கள் மாடலில் விடை ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. எது நல்ல விடை என்று மதிப்பெண் போடும் காஸ்ட் ஃபங்ஷனில் கை வைத்தால்தான் விடை நகரும்.

உள்ளே இருப்பவருக்குக் குலுங்கக் கூடாது, சக்கரம் தரையை விடக் கூடாது, சஸ்பென்ஷன் தனக்குள்ள இடத்துக்குள் அடங்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. செங்குத்து அதிர்வில் உடம்புக்கு அதிகம் உறைப்பது சுமார் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை. காஸ்ட் ஃபங்ஷனில் முக்கியத்துவத்தை எல்லாம் அதைக் குறைப்பதற்கே கொடுத்தால், சாலையின் மேடுபள்ளத்தைத் தரம் பிரிக்கும் ஐஎஸ்ஓ 8608 படி உருவாக்கிய சாலையில் வண்டி மிதக்கும். மழைக்காலத்தில் இங்கே விழும் குழி ஒன்றை உள்ளீடாகக் கொடுத்தாலோ, சஸ்பென்ஷனுக்கு இடம் தீர்ந்து, கடைசியில் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும்.

சோதனை மேடையான டெஸ்ட் ரிக்கைப் பார்த்துக்கொள்பவர், பிரிட்டோரியாவின் லாடியம் பகுதியிலிருந்து வரும் மூத்த டெக்னீஷியன். திரைப் பக்கமே திரும்ப மாட்டார். பம்ப் ஸ்டாப் ரப்பரைக் கழற்றி, நுனியில் நசுங்கிப் பளபளத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார்: "கிராஃப் நல்லா இருக்கு தம்பி. இதையும் கொஞ்சம் பாரு." பிறகு, சஸ்பென்ஷன் தன் இடத்தின் ஓரத்தை நெருங்க நெருங்க காஸ்ட் ஃபங்ஷனில் அபராதம் கிடுகிடுவென ஏறும்படி வைத்தோம். சொகுசு எண் சற்றுக் கெட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை.

எந்த அல்காரிதத்துக்கும் மசியாத இடமும் ஒன்று உண்டு. கன்ட்ரோலர் சொல்லும் விசையைத் தரும் ஆக்சுவேட்டர், வண்டியின் பாடியை எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு சக்கரத்தையும் எதிர்ப்பக்கம் தள்ளும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த விசை அடிபட்டுப்போகும். அதனால் சக்கரம் துள்ளும் அலைவெண்ணில், அதாவது 10, 12 ஹெர்ட்ஸ் வாக்கில், பாடியின் முடுக்கத்தைக் கன்ட்ரோலரால் அசைக்கவே முடியாது. டயர் விறைப்பும் சாலையும் பாடியின் எடையும்தான் அங்கே பேசும். மண்சாலையில் முக்கால் மீட்டருக்கு ஒரு வரிமேடு விழுந்திருந்தால், மணிக்கு 30 கி.மீ. வேகத்திலேயே 11 ஹெர்ட்ஸ் வந்துவிடும். அங்கே போகும் ஓட்டுநர்கள் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவது சும்மா இல்லை.

டயர் விறைப்பையும் தேடலில் ஒரு மாறியாகச் சேர்க்கலாமே என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன். டயர் வேறு டிபார்ட்மென்ட்டாம்.